செங்கல் கட்டடமா, கான்கிரீட் கட்டடமா? அனத்தோல் து போதோவின் மோன்மார்த்ர் தேவாலயம்: வெட்டுத்தோற்றம் வரைய உதவி தேவை

வரைபலகை:

பாரிஸில் அனத்தோல் து போதோ (1834–1915) கட்டிய சான்-ழான் த மோன்மார்த்ர் தேவாலயத்தின் ஒரு பகுதியை 1:20 அளவில் வெட்டுத்தோற்றமாக வரைய வேண்டும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் "கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் தேவாலயங்களில் ஒன்று" என்றுதான் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் முகப்பு முழுக்கச் செங்கல். அந்தப் பகுதி மக்களே அதற்குச் "செங்கல் சான்-ழான்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் கான்கிரீட் எங்கே? செங்கல் வெறும் மேலொட்டா, சுமை தாங்குகிறதா?

இன்னொன்று. தூண்கள் 50 செ.மீ. சதுரம், உயரம் 25 மீ. என்று போட்டிருக்கிறது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 50 வருகிறது. நம் ஐ.எஸ். 456 கான்கிரீட் விதிநூலில் 12-ஐத் தாண்டினாலே நெடுந்தூண். இது எப்படி நிற்கிறது? கூரை ஓடு (பதிக்கும் ஓடல்ல, முட்டையோடுபோல் மெல்லிய வளைகூரை) 7 செ.மீ. என்பதும் நம்பும்படி இல்லை. இவ்வளவு மெலிந்த கட்டடத்தில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்காதா? முறை இவ்வளவு நன்றாக இருந்தால் அதற்குப் பிறகு யாரும் ஏன் தொடவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாந்துக்கரண்டி:

குழப்பம் பெயரில் தொடங்குகிறது. அன்றைய பிரெஞ்சில் 'சிமான் ஆர்மே', 'பெத்தோன் ஆர்மே' என்று இரண்டு சொற்கள் புழங்கின. முதலாவது, கம்பி போட்ட சிமென்ட் சாந்து, ஜல்லி கிடையாது. இரண்டாவதுதான் ஜல்லி சேர்த்து வார்க்கும் கான்கிரீட். பேச்சில் பலர் இரண்டையும் கலந்து சொன்னார்கள். போதோ எடுத்துக்கொண்டது முதலாவதை. அதுவும் பொறியாளர் போல் கோத்தன்சேன் 1889-இல் காப்புரிமை பெற்ற தனி முறை. ஆகவே பீம், காலம், ஸ்லாப் என்று நாம் பழகிய சட்டகத்தை இந்தக் கட்டடத்தில் தேடினால் கிடைக்காது. கம்பியால் தைத்த செங்கல் வேலை என்று வைத்துக்கொண்டால் வரைவது எளிது.

சுவரும் தூணும் எழுந்த விதம் இது. செங்கல் துளை போட்டே சூளையில் சுடப்பட்டது. அடுக்கும்போது துளைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். துளை வழியாகச் செங்குத்துக் கம்பி இறங்கும். செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள சாந்துப் படுகையில் குறுக்குக் கம்பி ஓடும். பிறகு துளைகளில் தளர்வான சிமென்ட் குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். இப்போது செங்கல் என்ன செய்கிறது என்று பாருங்கள்: சிமென்ட் இறுகும்வரை அதற்கு அச்சாக நிற்கிறது, இறுகிய பின் அங்கேயே தங்கிவிடுகிறது. கழற்ற வேண்டிய சென்ட்ரிங் பலகை சுவருக்கும் தூணுக்கும் தேவையே இல்லை. கோத்தன்சேனின் எண்ணப்படி வலிமை கம்பியும் சிமென்டும் சேர்ந்த எலும்புக்கூட்டிலிருந்து வருகிறது. செங்கல் அதன் சதை. ஆனால் அழுத்தத்தில் செங்கலும் பங்கு வாங்கத்தான் செய்யும், அதை யாராலும் தடுக்க முடியாது. "மேலொட்டு" என்று வரைந்தால் தவறு, "சுமைச்சுவர்" என்று மட்டும் வரைந்தாலும் தவறு.

தளத்திலும் கூரை ஓட்டிலும் செங்கல் இல்லை, சாந்தும் கம்பி வலையும்தான். வலையின் கம்பி சுமார் 4 மி.மீ. தடிமன். ஒரே நீளக் கம்பியைப் பாய் முடைவதுபோல் போக்கும் வரத்துமாக ஓட்டி, ஓரத்துக்கு வந்ததும் வளைத்துத் திருப்பிவிடுவார்கள். எங்கும் கட்டுக்கம்பி முடிச்சு கிடையாது. சுமை அதிகமுள்ள இடத்தில் வலைக்கண் நெருக்கமாகவும் குறைந்த இடத்தில் அகலமாகவும் பின்னுவார்கள். ஏன் இந்தப் பாடு? சிமென்ட் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்பதில் கோத்தன்சேனுக்கு நம்பிக்கை இல்லை. கம்பி ஓரத்தில் வளைந்து மாட்டிக்கொண்டிருந்தால் வழுக்கிப் போகாது என்பது அவர் கணக்கு. இன்றைய கணக்கில் எம்20 என்ற சாதாரணத் தரக் கான்கிரீட் கலவையில் சாதாரண மெல்லெஃகுக் கம்பிக்கு அதன் விட்டத்தைப்போல் 45 மடங்கு நீளம் புதைந்திருந்தால் போதும், 4 மி.மீ. கம்பிக்கு 18 செ.மீ. அவர் பயந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயம்தான் முறைக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது.

மெல்லிய தளம் தனியாக நின்றால் தொய்ந்துவிடும். அதனால் தளத்தின் அடியில் விலா எலும்புபோல் மெலிந்த நிமிர்ந்த தகடுகள் ஓடும். 'எபீன்-கோந்த்ரஃபோர்' என்பது அவர்கள் வைத்த பெயர். முள்ளெலும்பு, முட்டுச்சுவர் இரண்டும் ஒன்றானது என்று பொருள் கொள்ளலாம். தளத்தின் வலையும் விலாவின் வலையும் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். வரைபடத்தில் அந்தச் சந்திப்பை வெட்டிக் காட்டுங்கள். இந்தக் கட்டடத்தின் உயிர் அந்த மூலையில்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

தூண் கேள்விக்கு வருகிறேன். ஐ.எஸ். 456-இல் நீங்கள் சொன்ன 12, குறுந்தூணுக்கும் நெடுந்தூணுக்கும் இடையிலான கோடு. பிடிப்பில்லாத நீளத்துக்கு அது போடும் மேல்வரம்பு குறைந்த அகலத்தைப்போல் 60 மடங்கு. 50 என்பது அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கம்தான், மறுக்கவில்லை.

முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்தால் 25 மீ. தூணின் தன்னெடை 125 கிலோநியூட்டன், ஏறத்தாழ 12.5 டன். அடியில் வரும் தகைவு 0.5 மெகாபாஸ்கல்தான். நல்ல செங்கல் வேலைக்கு இது தூசு. மேலே இருக்கும் ஓடும் எடை குறைவு: 7 செ.மீ. சாந்து ஓடு சதுர மீட்டருக்கு 1.7 கிலோநியூட்டன் சுற்றி வரும். 25 செ.மீ. கல் வளைகூரையாக இருந்திருந்தால் 5.5 வந்திருக்கும். எடை மூன்றில் ஒரு பங்கானால் பக்கவாட்டு உதைப்பும் அதே விகிதத்தில் இறங்கும். கோதிக் தேவாலயத்தின் வெளியே நிற்கும் பறக்கும் முட்டுகள் இங்கே ஏன் இல்லை என்பதற்கு விடை இதில்தான். கோதிக் எலும்பு அமைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த வியோலே-லெ-டுக்கின் மாணவர் போதோ. குரு விளக்கிய எலும்பை வேறு பொருளில் மெலித்துக் காட்டினார்.

நசுங்குவது ஆபத்தில்லை, வளைந்து துவள்வதுதான் ஆபத்து. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கம்பி தைத்த செங்கலுக்கு மீள்மை எண் 5000 மெகாபாஸ்கல் என்று கொள்வோம், இரு முனையும் கீல். ஆய்லர் சூத்திரப்படி 25 மீ. நீளத்துக்குத் துவளும் சுமை சுமார் 410 கிலோநியூட்டன். தன்னெடை, கூரை, காற்று எல்லாம் சேர்ந்தால் இது போதவே போதாது. நடுவில் ஓரிடத்தில் பக்கவாட்டில் பிடித்துவிட்டால் நீளம் பாதியாகி, சுமை நான்கு மடங்காகி, 1640 கிலோநியூட்டனைத் தொடும். உள்ளே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் வளைவுகளை அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தூணின் பிடிமானங்கள் அவை. "25 மீ. தனித்தூண்" என்று படித்துவிட்டு வளைவுகளை விட்டு வரைந்தால், நீங்கள் வரைந்த கட்டடம் நிற்காது.

உப்புக்காற்று:

துரு விஷயம். சிமென்ட் காரத்தன்மை உள்ளது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 25 ஆண்டில் 15 மி.மீ. இறங்கியிருந்தால், 15-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுக்க, கெழு 3. அதே வேகத்தில் 121 ஆண்டில் 33 மி.மீ. இப்போது 7 செ.மீ. ஓட்டைப் பாருங்கள். வலை சரியாக நடுவில் இருந்தால் இரு பக்கமும் 33 மி.மீ. மூடுதல், அதாவது கம்பியை மறைக்கும் சாந்தின் தடிமன். அதாவது மிகத் துல்லியமாக வேலை செய்திருந்தால்கூட நூற்றாண்டு கடந்ததும் விளிம்புக்கு வந்துவிடும். வலை 1 செ.மீ. கீழே தொய்ந்திருந்தால் 60 ஆண்டிலேயே எட்டிவிடும். கம்பி தொய்யாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சங்கதி பரவாத காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலவை செழிப்பாக, இறுக்கமாக இருந்தால் கெழு குறையும், அது இந்த முறைக்குச் சாதகம். சிமென்ட் தாராளமாகத்தான் போட்டார்கள்.

மெல்லிய கம்பிக்கு வேறொரு தொல்லை உண்டு. சுற்றிலும் அரை மி.மீ. துரு தின்றுவிட்டது என்று வையுங்கள். 16 மி.மீ. கம்பி 15 ஆகும்; குறுக்குப்பரப்பில் 12 விழுக்காடு போகும். 4 மி.மீ. கம்பி 3 ஆகும். 44 விழுக்காடு போய்விடும். ஒரே அளவு துரு, ஒன்றுக்குச் சிராய்ப்பு, மற்றதற்குக் கால் போன கதை. இன்னொரு பக்கம், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்றாலும் மெல்லிய கம்பி தள்ளும் விசை சிறிது. அதனால் தடித்த கம்பியைப்போல் பெரிய சில்லாகப் பெயர்க்காமல் மயிரிழை விரிசலோடு நின்றுவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும். இதை நம்பி ஏமாறக் கூடாது.

செங்கல் பகுதியில் கதை வேறு. சுட்ட செங்கலுக்குக் காரம் கிடையாது, அது கம்பியைக் காக்காது. கம்பியைக் காப்பது துளைக்குள் ஊற்றிய சிமென்ட் மட்டும். காய்ந்த செங்கலில் குழம்பை ஊற்றினால் செங்கல் நீரை உறிஞ்சிவிடும், குழம்பு பாதி வழியிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும், கீழே வெற்றிடம் தங்கும். உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றினாலும் இதே கதி. இன்று துளைக்கல்லில் இதே வேலை செய்கிறவர்கள் கல்லை நனைத்து, ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஊற்றி, கம்பியால் குத்திவிட்டு, அடியில் விட்ட சிறு திறப்பில் குழம்பு எட்டிப்பார்க்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போகிறார்கள். வெற்றிடம் உள்ள இடத்தில் கம்பி வெறுங்காற்றில் நிற்கிறது. மழை முகத்தில் இருக்கும் செங்கல் நனைந்தால் முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்.

இப்படிப்பட்ட கட்டடத்தைச் சோதிப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை. ஆல்கஹாலில் கரைத்த 1 விழுக்காடு ஃபீனாப்தலீனைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், இழந்த இடம் நிறம் மாறாது. பழைய முகத்தில் தெளித்துவிட்டு "முழுக்கப் போய்விட்டது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கம்பி தேடும் மீட்டர்கள் 8 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிகளுக்குப் பழகியவை. நெருக்கமாகப் பின்னிய 4 மி.மீ. வலையை ஒரே தகடாகக் காட்டி, மூடுதலைத் தப்பாகச் சொல்லும். ஒன்றிரண்டு இடத்தில் கொத்திப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளாமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம். மின்னழுத்தச் சோதனைக்குக் கம்பிகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்க வேண்டும். கோத்தன்சேன் வலை தொடர்கம்பி என்பதால் தளத்தில் இது நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. செம்பு–செம்பு சல்பேட் மின்வாயோடு ஒப்பிட்டு −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள், −200-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் இல்லை. செங்கல் சுவரில் இந்த எண்களை அப்படியே பொருத்தாதீர்கள்; அவை கான்கிரீட்டுக்கு வகுத்தவை.

வரைபலகை:

மிக்க நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன வளைவுகளைச் சேர்த்துவிடுகிறேன். 1:20-இல் 25 மீ. தூண் 1.25 மீ. தாள் கேட்கிறது, அதனால் ஒரு தூணும் ஒரு விலாச் சந்திப்பும் மட்டும் வெட்டலாம் என்று நினைக்கிறேன். 4 மி.மீ. கம்பி 0.2 மி.மீ. கோடு ஆகிவிடுகிறதே, அது தெரியுமா? முகப்பில் வரிசையாக வட்டவட்டமாகப் பளபளக்கிறதே, அவை உள்கம்பியை இறுக்கும் போல்ட் தலைகளா? ஏன் இந்த முறை நின்றுபோனது என்பதற்கும் பதில் வரவில்லை.

பழையதாள்:

நின்றுபோன காரணத்தை "காலத்துக்கு முந்தியது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணமும் விதிமுறையும்தான் கொன்றன.

போட்டி முறையான, பெத்தோன் ஆர்மே ஒப்பந்ததாரர் என்பிக்கின் 1892 காப்புரிமையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். உருட்டுக்கம்பி, தட்டையான இரும்புப் பட்டையில் வளைத்த ரிங், பலகையில் சென்ட்ரிங், ஜல்லிக் கான்கிரீட்டை இடித்து நிரப்பு, பலகையைக் கழற்று, அடுத்த மாடிக்குக் கொண்டு போ. எந்த ஊர் கொத்தனாரும் சில நாளில் பழகிவிடலாம். கணக்கை பாரிஸ் அலுவலகம் போட்டுக் கொடுக்கும், உரிமம் வாங்கிய உள்ளூர் ஒப்பந்ததாரர் கட்டுவார். கோத்தன்சேன் முறையில் கலவை செழிப்பானாலும் மொத்தத்தில் கம்பியும் சிமென்டும் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டர் வலையையும் கையால் பின்ன வேண்டும், துளைச் செங்கலைத் தனியாகச் சுட்டு வாங்க வேண்டும், ஒவ்வொரு துளையையும் நிரப்ப வேண்டும். பொருளில் மிச்சம் பிடித்ததைக் கூலியில் விட்டார்கள்.

விதிமுறை. 1900 ஏப்ரல் 29-ஆம் தேதி, பாரிஸ் உலகக் கண்காட்சியின் வானுலக உருண்டைக்குப் போகும் நடைபாலம் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அது மாத்ராய் என்பவரின் முறை, கோத்தன்சேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் கம்பி போட்ட சிமென்ட் என்றாலே அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அரசு ஒரு குழு அமைத்தது, சோதனைகள் நடந்தன, 1906 அக்டோபர் 20-ஆம் தேதி சுற்றறிக்கை வந்தது. அதன் கணக்கு முழுக்கக் கம்பியும் கான்கிரீட்டும் ஒட்டிப் பிடித்து ஒன்றாக வேலை செய்கின்றன என்ற அடிப்படையில் போடப்பட்டது. ஒட்டுதலை நம்பாமல் கட்டிய முறைக்கு அந்தச் சூத்திரங்களில் இடமில்லை. கணக்கு காட்ட முடியாததைக் கட்ட யார் கையெழுத்து போடுவார்கள்?

மோன்மார்த்ர் தேவாலயமே இந்தச் சந்தேகத்தில் சிக்கிய ஒன்று. திட்டம் 1894-இல் போட்டது. நடுவே சில ஆண்டுகள் வேலை நின்றது, இடிக்க வேண்டும் என்றுகூட வழக்கு போனது, 1904-இல்தான் முடிந்தது. அதே 1904-இல் பிராங்க்ளின் தெரு 25 பிஸ் எண்ணில் இளம் கட்டடக் கலைஞர்களான பெரே சகோதரர்களின் வீடு என்பிக் வழிச் சட்டகத்தில் முடிந்து நிற்கிறது. அடுத்த தலைமுறை எந்தப் பக்கம் போனது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். போதோ இந்த முறையைத் தேவாலயத்தில் மட்டும் கையாளவில்லை. பாரிஸின் விக்தோர் யூகோ பள்ளி, தூல் நகரத்தின் அரங்கு ஆகியவற்றிலும் இதே சிமென்ட் இருக்கிறது. உங்கள் வரைபடத்துக்கு ஒப்பிட அவற்றையும் தேடிப் பாருங்கள்.

ஒரு கிளைச்செய்தி: வியோலே-லெ-டுக்கிடம் போவதற்கு முன் போதோ படித்தது கட்டடக் கலைஞர் ஆன்றி லப்ரூஸ்டிடம். லப்ரூஸ்டின் சான்த்-ழென்வியேவ் நூலகத்தில் (1850) வார்ப்பிரும்புத் தூண்மேல் நிற்கும் வளைகூரை, இரும்பு வலையில் பூசிய ஜிப்சம் சாந்து. மெல்லிய வலையில் சாந்து பூசிக் கூரை போடலாம் என்பதை மாணவர் முதலில் எங்கே பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

சாந்துக்கரண்டி:

போல்ட் தலைகள் இல்லை. அலெக்சாந்த்ர் பிகோ செய்த மெருகிட்ட சுடுமண் பதக்கங்கள் அவை. சிமென்ட் முகத்தில் பதித்தவை, சுமைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. வெட்டுத்தோற்றத்தில் முன்பக்கத்தில் சில மி.மீ. ஆழத்துக்குத் தனி நிறத்தில் காட்டினால் போதும், கம்பியோடு இணைக்காதீர்கள்.

கம்பிக் கோடு பற்றி. 0.2 மி.மீ. பேனாவால் அப்படியே போடலாம், உண்மை அளவும் அதுதான். தூண் 25 மி.மீ. சதுரமாக வரும், ஓடு 3.5 மி.மீ. இதில் செங்கல் கோடு, துளைக் கோடு, கம்பிக் கோடு மூன்றையும் திணித்தால் ஒரே கறுப்பாகிவிடும். 1:20-இல் செங்கல் மூட்டும் துளையின் விளிம்பும் மட்டும் வையுங்கள். விலாச் சந்திப்பைத் தனியே 1:5-இல் வரைந்து கம்பியை அங்கே காட்டுங்கள், 0.8 மி.மீ. வரும், பின்னலில் எது மேலே எது கீழே என்று தெளிவாகத் தெரியும். ஓரத்தில் கம்பி வளைந்து திரும்புவதைக் கட்டாயம் காட்டுங்கள். வெட்டி நிறுத்திய நுனியாகப் போட்டால் அது கடையில் வாங்கும் வெல்டு மெஷ் ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:

மேலே ஒரு சேர்க்கை. இதைப் பார்த்துவிட்டு "ஃபெரோசிமென்ட் தொட்டிதானே" என்று சிலர் சொல்வார்கள். உறவு உண்டு, ஆனால் ஃபெரோசிமென்டில் வலை இன்னும் மெலிது, பல அடுக்கு, மொத்தத் தடிமனே 1 முதல் 4 செ.மீ., மூடுதல் 3 முதல் 5 மி.மீ. அங்கே கம்பி சாந்து முழுக்கப் பரவியிருப்பதால் விரிசல் நூலாகப் பிரிந்துவிடும். 7 செ.மீ. ஓட்டில் வலை நடுவே மட்டும் இருந்தால் இரு முகத்திலும் 3 செ.மீ. வெறும் சாந்து. விரிசல் அந்தத் தோலில்தான் முதலில் விழும். வரைபடத்தில் வலையை மேலும் கீழுமாக இரண்டு அடுக்காகப் போட்டுவிடாதீர்கள். இன்றைய ஸ்லாப் பழக்கத்தில் கை தானாக அப்படிப் போகும்.